அந்தக் கட்டுரையில் உங்கள் பெயர் வேண்டாம்

கேள்வி:

ஐயா, வணக்கம். நான் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர். சொந்த ஊர் பென்னாகரம் வட்டம். பகுதி நேரமாகப் பிஎச்.டி. செய்கிறேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் 72 போர்வெல்களில் தண்ணீர் எடுத்து ஃபுளோரைடு அளப்பதுதான் ஆய்வு. மே மாதம் 72-லும் எடுத்துவிட்டேன். மழை முடிந்து சனவரியில் 31 போர்களில்தான் எடுக்க முடிந்தது. அப்போது எனக்கு ஏழாம் மாதம், வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீதி 41-ஐ அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கைடு சொன்னார்.

போன மாதம் எதையோ தேடும்போது இதே ஆய்வு ஒரு வெளிநாட்டு இதழில் கட்டுரையாக வந்திருப்பதைப் பார்த்தேன். முதல் பெயர் வேறு மாநிலத்துக் கல்லூரிக்காரர், எனக்கு யாரென்றே தெரியாது. இரண்டாவது பெயர் என் கைடு. என் பெயர் நன்றி சொல்லும் இடத்தில்கூட இல்லை. ஆனால் அட்டவணையில் நான் போகாத 41 போர்களுக்கும் சனவரி மாத எண்கள் இருக்கின்றன.

சாரிடம் கேட்டேன். "மீதியை வேற ஆளை வெச்சு எடுத்தோம்மா. உன் பேரு விட்டுப்போச்சு, எடிட்டருக்கு எழுதிச் சேர்த்துடலாம். இன்னும் அஞ்சு மாசத்துல தீசிஸ் போடப்போற, இதைப் பெருசு பண்ணாத" என்றார். பெயரைச் சேர்த்தால் போதும், விட்டுவிடு என்கிறார் வீட்டுக்காரர். புகார் கொடு என்கிறாள் தோழி. யாரிடம் கொடுப்பது, கொடுத்தால் என் பட்டம் என்னாகும் என்று தெரியாமல் தூக்கம் போய்விட்டது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பெயரைச் சேர்க்கச் சொல்லாதீர்கள். அவர்களாகவே சேர்க்க வந்தாலும் எழுத்தில் மறுத்துவிடுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் இதுதான் தோன்றியது. நீங்கள் அனுப்பிய அட்டவணையையும் உங்கள் களக் குறிப்பேட்டின் பக்கங்களையும் அக்கம்பக்கமாக வைத்து ஒரு நாள் முழுக்கப் பார்த்த பிறகும் அதையேதான் சொல்கிறேன்.

அந்தக் கட்டுரையில் முதல் பெயராக இருந்திருக்க வேண்டியவர் நீங்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மே மாத வெயிலில், வயிற்றுப் பிள்ளையோடு சனவரியில், ஸ்கூட்டியில் பாட்டில்களைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர் நீங்கள். உங்கள் ஆத்திரம் நியாயமானது. ஆனால் அட்டவணையைப் பார்த்த பிறகு, பெயர் போனதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அதில் இருப்பது தெரிகிறது. நீங்களும் அதைப் பாதி பார்த்துவிட்டு, பயந்து நகர்ந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் போகாத 41 போர்களை மட்டும் தனியாக எழுதிப் பாருங்கள். ஒன்பதாம் எண், மே மாதம் லிட்டருக்கு 2.64 மில்லிகிராம், சனவரி 2.44. பத்தாம் எண், 1.87, 1.67. பதினான்காம் எண், 3.12, 2.92. இப்படியே 41-லும் சரியாக 0.20 குறைந்திருக்கிறது. ஒன்றில்கூட 0.19 இல்லை, 0.21 இல்லை. நீங்கள் கையால் எடுத்த 31-ஐப் பாருங்கள். ஒரு போரில் 0.6 இறங்கியிருக்கிறது, இன்னொன்றில் அசையவே இல்லை, ஏழு போர்களில் மழைக்குப் பிறகு ஏறியிருக்கிறது. நிலத்தடித் தண்ணீர் இப்படித்தான் நடந்துகொள்ளும். நம் பக்கம் எல்லாம் கடினப் பாறை. தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள் கிடக்கிறது, பாறையிலுள்ள கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு அதில் கரைகிறது. மழை ஓரிடத்தில் தண்ணீரை நீர்க்கச் செய்யும். இன்னோர் இடத்தில் மேல்மண்ணிலும் பாறையிலும் இருப்பதைக் கரைத்துக் கீழே இறக்கும். பக்கத்துப் பக்கத்துக் காட்டில் இருக்கும் இரண்டு போர்களே ஒரே மாதிரி மாறாது. 41 போர்கள் சொல்லிவைத்தாற்போல் 0.20 குறைவது பாறையில் நடக்கிற காரியமாக எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் 38-ஆம் எண். சனவரி 9-ஆம் தேதி பக்கத்து போரில் தண்ணீர் எடுக்கப் போனபோது குறிப்பேட்டில் ஓரமாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "38 மூடியாச்சு, மோட்டார் எடுத்துட்டாங்க, பைப் வாயில் கல்." அந்தக் கட்டுரையில் 38-ஆம் எண்ணுக்கும் சனவரி அளவு இருக்கிறது. 1.96.

உங்கள் சார் சொல்வதுபோல வேறு ஆள் போய் எடுத்திருக்கலாம் என்பதற்கு இடம் விட்டுத்தான் ஆக வேண்டும். எண் மாறிப் பக்கத்து போரில் எடுத்திருக்கலாம், தட்டச்சில் பிழை வந்திருக்கலாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் தீர்ப்புச் சொல்லும் வேலை எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. யார் எடுத்தார், எந்தத் தேதியில், எந்தக் கருவியில் அளந்தார் என்று கேட்கும் உரிமை மட்டும் உங்களுக்கு நிச்சயமாக இருக்கிறது.

இப்போது அந்த 0.20 என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவும் 1.5 தான். மே மாதம் 1.5-க்கு மேல் 1.7-க்குள் இருந்த ஆறு போர்கள், 0.20 கழித்ததும் வரம்புக்குள் வந்துவிட்டன. 22-ஆம் எண் 1.62, கட்டுரையில் 1.42. அது பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து போர் என்று உங்கள் குறிப்பேடு சொல்கிறது. மழைக்குப் பின் பெரும்பாலான கிராமங்களில் தண்ணீர் குடிக்கத்தக்கதாகிவிடுகிறது என்று அந்தக் கட்டுரை முடிகிறது.

நம் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பல்லில் காவிக் கறையோடு சிரிக்கக் கூச்சப்பட்டுக் கையால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் என் வகுப்பிலும் இருந்தார்கள், உங்கள் வகுப்பிலும் இருந்திருப்பார்கள். நிரந்தரப் பல் உருவாகும் வயதில் குடித்த தண்ணீர் போட்ட கறை அது, பிறகு எதைத் தேய்த்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் செயல்பாட்டுக்கு வந்ததே இந்த ஃபுளோரைடு பிரச்சினைக்காகத்தான். இருந்தும் குழாயில் தண்ணீர் வராத நாளில் சனம் குடத்தோடு போரடிக்குத்தான் போகிறது. நாளைக்கு எந்த போரில் எச்சரிக்கைப் பலகை வைப்பது என்று ஒரு அதிகாரியோ தன்னார்வ அமைப்போ தேடினால், அச்சில் கிடைக்கும் இந்தக் கட்டுரையைத்தான் எடுப்பார்கள்.

அந்தப் பக்கத்தில் உங்கள் பெயர் ஏறினால் என்னாகும்? கூட்டுறவு வங்கியில் ஜாமீன் கையெழுத்துப் போட நம் ஊரில் எவ்வளவு யோசிப்பார்கள்! கடன் வாங்கினவன் கட்டாவிட்டால் நோட்டீஸ் நம் வீட்டுக்கு வரும் என்பது எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியும். ஆய்வுக் கட்டுரையில் பெயர் போடுவதும் அப்படிப்பட்ட கையெழுத்துதான். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு, யாரைக் கட்டுரையாளர் என்று சொல்லலாம் என்பதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. மற்றத் துறைகளிலும் பல இதழ்கள் அதைப் பின்பற்றுகின்றன. ஆய்வில் கணிசமான பங்கு இருக்க வேண்டும், எழுதியோ திருத்தியோ இருக்க வேண்டும், அச்சுக்குப் போகும் வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். நான்காவது, கட்டுரையின் எந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி எழுந்தாலும் பதில் சொல்லும் பொறுப்பை ஏற்க வேண்டும். பெயரைச் சேர்க்க எடிட்டருக்கு எழுதும் அன்றைக்கு, 41 எண்களுக்கும் நான் பொறுப்பு என்று நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். ஐந்து வருடம் கழித்து யாராவது அந்த 0.20-ஐக் கண்டுபிடித்தால், களப்பணி செய்தவர் யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். எல்லா விரலும் உங்கள் பக்கம் திரும்பும். உங்கள் சார் தருவது உங்களுக்குச் சேர வேண்டியதைப் போலத் தெரிகிறது. ஆனால் அதோடு சேர்ந்து என்ன வருகிறது என்பதை அவர் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் தப்பில்லை. கைக்குழந்தை, நிரந்தரமில்லாத வேலை, பாதியில் நிற்கும் பட்டம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் சொல்கிறார். அவரிடம் இந்த 38-ஆம் எண்ணை மட்டும் காட்டிப் பேசிப் பாருங்கள்.

சரி, என்ன செய்வது? யாரிடமும் போவதற்கு முன் கையில் இருப்பதைப் பத்திரப்படுத்துங்கள். குறிப்பேட்டை ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் எடுங்கள். அதில் இனி ஒரு எழுத்துகூடச் சேர்க்காதீர்கள், அடிக்காதீர்கள், விட்டுப்போன தேதியைக்கூட எழுதாதீர்கள். சாருக்கு எக்செல் கோப்பு அனுப்பிய மின்னஞ்சல்களை வேறொரு கணக்குக்கு அனுப்பி வையுங்கள். கல்லூரிக் கணக்கு என்றைக்கு வேண்டுமானாலும் மூடப்படலாம். வாட்ஸ்அப் உரையாடலைத் தேதியோடு சேமித்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் ஃபுளோரைடை அளக்கும் எலக்ட்ரோடு என்ற கருவியை யார், என்றைக்கு, எத்தனை மாதிரிக்குப் பயன்படுத்தினார் என்று எழுதும் லாக் புக் இருக்கும். அந்தப் பக்கங்களை நகலெடுக்க அனுமதி கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். 41 மாதிரிகளை ஒருவர் அளந்திருந்தால் அதில் தடம் இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், உங்கள் ஆய்வின் முன்னேற்றத்தைப் பார்க்கும் டாக்டரல் கமிட்டிக் கூட்டத்தில் நீங்கள் காட்டிய ஸ்லைடுகளும் அன்றைய குறிப்புகளும். சனவரியில் 31 தான் முடிந்தது, 41 பாக்கி என்று நீங்கள் அங்கே சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கைடும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். உங்களிடம் இருப்பதிலேயே கனமான காகிதம் அதுதான்.

அந்தக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தையும் கவனமாகப் படியுங்கள். யார் என்ன வேலை செய்தார் என்று பல இதழ்கள் இப்போது அச்சிடுகின்றன. நீங்கள் அனுப்பிய நகலில், மாதிரி சேகரிப்பும் அளவீடும் முதல் கட்டுரையாளர் செய்தார் என்று இருக்கிறது. தரவுகள் கேட்டால் தரப்படும் என்றும் இருக்கிறது. எடிட்டரிடம் நீங்கள் பிடிக்க வேண்டிய இரண்டு நுனிகள் இவைதாம்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். பலர் தடுக்கி விழும் இடம் இது. இதழாசிரியரின் வேலை வேறு, பல்கலைக்கழகத்தின் வேலை வேறு. அச்சில் இருப்பது நம்பத்தக்கதா என்று பார்த்து, இல்லையென்றால் அதைச் சரிசெய்வது இதழாசிரியரின் வேலை. திருத்தக் குறிப்பு போடலாம், விசாரணை முடியாத நிலையில் இந்தக் கட்டுரை குறித்து ஐயம் எழுந்துள்ளது என்று அறிவிப்பு வைக்கலாம், முழுக்கத் திரும்பப் பெறலாம். திரும்பப் பெற்ற கட்டுரையைப் பெரும்பாலும் அழிக்க மாட்டார்கள். திரும்பப் பெறப்பட்டது என்ற முத்திரையும் காரணமும் போட்டு அங்கேயே வைத்திருப்பார்கள், பின்னால் வருகிறவர்கள் ஏமாறக் கூடாது என்பதற்காக. ஆனால் யார் உழைப்பு யாருடையது என்று தீர்க்க இதழாசிரியரிடம் ஆளும் இல்லை, அதிகாரமும் இல்லை. 1997-ல் பிரிட்டனில் சில மருத்துவ இதழாசிரியர்கள் சேர்ந்து தொடங்கிய பதிப்பு நெறிக் குழு, சுருக்கமாக 'கோப்', இன்று உலகெங்கும் இதழ்களுக்கு வழிகாட்டுகிறது. பெயர்ச் சண்டை என்றால் கட்டுரையாளர்கள் பணிபுரியும் நிறுவனத்துக்கு அனுப்பச் சொல்கிறது அது. முடிவுகள் சரியாக இருந்து, பெயர் மட்டும்தான் தகராறு என்றால் பொதுவாகத் திரும்பப் பெறுவது முறையில்லை என்றும் சொல்கிறது. ஆகவே 'என் பெயரை விட்டுவிட்டார்கள்' என்று நீங்கள் எழுதினால், உங்கள் கடிதம் அங்கே இங்கே சுற்றி உங்கள் கைடு இருக்கும் கல்லூரிக்கே வந்து சேரும். '41 எண்களுக்கு அடிப்படை இருப்பதாகத் தெரியவில்லை' என்று எழுதினால், எடிட்டர் அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

எடிட்டருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் ஒரு இதழைக் கவனித்துக்கொண்டிருந்த காலத்தில் நான்கு பக்கப் புகார் ஒன்று வந்தது. முதல் மூன்று பக்கமும் ஒரு பேராசிரியரைப் பற்றிய வசவு. சாதி, பணம், குடும்ப விவகாரம் எல்லாம் இருந்தது. எனக்கு அருவருப்பாக இருந்தது, எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து மேசையைச் சுத்தம் செய்யும்போது நான்காம் பக்கத்தைப் படித்தேன். நாங்கள் வெளியிட்ட கட்டுரையின் ஒரு படம், வேறொரு கட்டுரையில் வேறொரு பொருளின் பெயரில் வந்திருப்பதை அந்த மனிதர் மிகச் சரியாகச் சுட்டியிருந்தார். அந்த ஒரு வருடத்தில் எங்கள் கட்டுரையை எத்தனை மாணவர்கள் நம்பிப் படித்தார்களோ! தவறு என்னுடையது. இன்றைக்கும் அந்த உறுத்தல் போகவில்லை. ஆனால் அவரும் நான்காம் பக்கத்தை முதல் பக்கமாக எழுதியிருக்கலாம்.

ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள், பொருள் இப்படி இருக்கட்டும்: "இந்தக் கட்டுரையின் இரண்டாம் கட்டுரையாளரிடம் நான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அட்டவணையிலுள்ள மே மாத அளவுகள் 72-ஐயும் சனவரி அளவுகளில் 31-ஐயும் நான் எடுத்தேன். என் குறிப்பேட்டின் நகல் இணைப்பில் உள்ளது. மீதமுள்ள 41 சனவரி அளவுகள் ஒவ்வொன்றும் மே மாத அளவைவிடச் சரியாக 0.20 குறைவாக உள்ளன. அவற்றில் 38-ஆம் கிணறு சனவரி 9-ஆம் தேதி நான் பார்த்தபோதே மூடப்பட்டிருந்தது. இந்த 41 மாதிரிகளின் களப் பதிவையும் கருவிப் பதிவையும் கட்டுரையாளர்களிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டுகிறேன். என் பெயரைச் சேர்க்குமாறு நான் கோரவில்லை." இவ்வளவுதான். மோசடி, திருட்டு என்ற சொற்கள் எங்கும் வேண்டாம். 41 போர்களையும் மூன்று பத்தி அட்டவணையாக இணையுங்கள்: மே, சனவரி, வித்தியாசம். அந்த மூன்றாம் பத்தியில் 0.20, 0.20, 0.20 என்று மேலிருந்து கீழே இறங்குவதைப் பார்த்தால் போதும். கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெயர் கிடைக்காத ஆத்திரத்தில் எழுதுகிறாள் என்று சொல்லப்போகிறவர்களுக்கு அது முன்கூட்டியே பதில்.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று எடிட்டரைக் கேட்கலாம், பெரும்பாலானவர்கள் மதிப்பார்கள். ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த 31 எது, 41 எது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு மூன்று பேர்தான். கடிதம் போன மறுநாளே உங்கள் சாருக்குத் தெரிந்துவிடும் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகும், ஒரு வருடத்தைத் தாண்டவும் செய்யும். அந்த இதழ் கோப் உறுப்பினராக இருந்து, இதழின் சொந்தப் புகார் நடைமுறை முழுக்க முடிந்த பிறகும் அசையவில்லை என்றால், அந்தக் குழுவிடமே முறையிடலாம். காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழாக இருந்தால் இதெல்லாம் செல்லாது. திரும்பப் பெறுவதற்கே தனியாகக் காசு கேட்கிறவர்கள் உண்டு, கொடுக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய விவரப்படி இது அப்படிப்பட்ட இதழாகத் தெரியவில்லை. பெரிய பதிப்பகங்களும் இப்போது சூடுபட்டுத்தான் இருக்கின்றன. 2023-ல் இந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

இனி உங்கள் பட்டம். தீசிஸைப் போட்டுவிட்டு அப்புறம் புகார் கொடுக்கலாம் என்று தோன்றும். இதில் ஒரு பொறி இருக்கிறது. தீசிஸ் கொடுக்கும்போது, ஏற்கெனவே வெளிவந்தவற்றோடு அது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருளில் போட்டு சிமிலாரிட்டி ரிப்போர்ட் எடுப்பார்கள். அந்த மென்பொருளுக்கு யார் முதலில் எழுதினார் என்று தெரியாது, எது முதலில் அச்சில் வந்தது என்பதுதான் தெரியும். உங்கள் அறிக்கைகளிலிருந்து அவர்கள் எடுத்த பத்திகள் உங்கள் தீசிஸில் சிவப்பாக எரியும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், 60 வரை போனால் ஒரு வருடத்துக்குத் திருத்திய பிரதியையே கொடுக்க முடியாது, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. உழைப்பைப் பறிகொடுத்த நீங்களே திருடியவராக நிற்க வேண்டி வரும். அதனால் தீசிஸ் கொடுப்பதற்கு முன்பே, டாக்டரல் கமிட்டி உறுப்பினர்களுக்கும் துறைத் தலைவருக்கும் ஒரு கடிதம் தேதியோடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இன்ன கட்டுரையில் என் களத் தரவும் என் அறிக்கையின் பத்திகளும் என் பெயரின்றி வந்துள்ளன, இதைக் குறிப்பில் பதிவுசெய்ய வேண்டும் என்று இரண்டு பத்தி போதும். கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய நகல் உங்கள் கையில் இருக்கட்டும். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அதே 2018 விதிகளில்தான் உங்கள் புகாருக்கும் வழி இருக்கிறது. அடுத்தவர் உழைப்பையோ கருத்தையோ தன்னுடையதாகக் காட்டுவது கருத்துத்திருட்டு என்று அவை சொல்கின்றன. கல்வி நேர்மைக்காகத் துறை அளவில் ஒரு குழு, நிறுவன அளவில் ஒரு குழு இருக்க வேண்டும். துறைக் குழு 45 நாளில் தன் பரிந்துரையைக் கொடுக்க வேண்டும், அது கிடைத்த 45 நாளில் நிறுவனக் குழு அறிக்கை கொடுக்க வேண்டும். புகாருக்கு ஆளானவர் குழுவில் இருந்தால் அந்தக் கூட்டத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். காகிதத்தில் 45 நாள், நடப்பில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் தேதியைச் சொல்லிக் கேட்க ஒரு விதி இருப்பது பெரிய பலம். ஒன்றைக் கவனியுங்கள்: அந்தச் சதவீதக் கணக்கு சொற்கள் ஒத்துப்போவதை மட்டும்தான் அளக்கும். இல்லாத தண்ணீருக்குப் போட்ட எண் அதில் அகப்படாது. அதனால் 41 எண்கள் விஷயம் எடிட்டருக்கு, உழைப்பு விஷயம் பல்கலைக்கழகத்துக்கு என்று இரண்டு கடிதங்களாகவே இருக்கட்டும். ஒன்றின் நகலை மற்றொன்றோடு இணையுங்கள்.

கட்டுரை வெளிவந்தால்தான் பட்டம் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். 2022-ஆம் ஆண்டு விதிகளில் மானியக் குழு அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக ஏதாவது வைத்திருக்கிறதா என்று விதிப் புத்தகத்தை வாங்கிப் படித்துவிடுங்கள், கேள்விப்பட்டதை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். வழிகாட்டியை மாற்றிக்கொள்வதற்கும் விதி இருக்கும், அந்தப் பக்கத்தையும் படியுங்கள். நானாக இருந்தால் கமிட்டிக்குக் கடிதம் கொடுக்கும் அன்றே அதற்கும் விண்ணப்பித்திருப்பேன். உங்கள் தீசிஸில் கையெழுத்துப் போட வேண்டியவரும், நீங்கள் கேள்வி கேட்கப்போகிறவரும் ஒரே ஆளாக இருப்பது இருவருக்குமே நல்லதல்ல. சாரிடம் இனித் தனியாகப் பேசப் போகாதீர்கள். பேசியே ஆக வேண்டுமென்றால் கமிட்டி உறுப்பினர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள், பேசி முடித்ததும் என்ன பேசினோம் என்று அன்றைக்கே அவருக்கு மின்னஞ்சல் போடுங்கள். மரியாதையாகவே எழுதுங்கள். உங்களுக்கு எலக்ட்ரோடு பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர் என்று கடிதத்தில் ஓரிடத்தில் சொல்லியிருக்கிறீர்கள். அந்த நன்றி உங்களுக்கு இருப்பது தெரிகிறது, அது இருக்கட்டும். அதற்காக இந்த எண்களுக்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

இதனால் உங்களுக்குக் கஷ்டமே வராது என்று நான் சொல்லப்போவதில்லை. பட்டம் ஆறு மாதமோ ஒரு வருடமோ தள்ளிப்போகலாம். துறையில் சிலர் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஆனால் உங்கள் கையில் தேதி போட்ட குறிப்பேடும், கமிட்டிக் குறிப்பும், ஓரத்தில் எழுதிய 38-ஆம் எண்ணும் இருக்கின்றன. புகாரோடு வருகிறவர்களில் இவ்வளவு கையில் வைத்திருப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

தீசிஸில் மே 72, சனவரி 31 என்றே இருக்கட்டும். இரு பருவத்தையும் ஒப்பிட அந்த 31 ஜோடிகளே தாராளம், ஏன் 31 என்பதற்கான காரணத்தையும் உள்ளபடி எழுதுங்கள். அதோடு, 1.5-க்கு மேல் வந்த போர்களின் பட்டியலை அந்தந்த ஊராட்சிக்கும் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் இப்போதே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதற்கு எந்த இதழின் அனுமதியும் வேண்டாம். அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரை மட்டும் நேரில் போய்ப் பாருங்கள்.

அடுத்த சனவரிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. இப்போது உங்களால் வண்டி ஓட்ட முடியும், குழந்தையை அம்மா பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தீர்கள். 41-ல் மூடிய போர் போக மீதி 40-க்கும் போய்வாருங்கள். போன முறை சனவரியில் என்ன இருந்தது என்று அது சொல்லிவிடாது, ஆனால் மழைக்குப் பிறகு 40 போர்களும் ஒரே அளவுதான் இறங்குகின்றனவா என்று தெரிந்துவிடும். பாலித்தீன் பாட்டில்களாகவே எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். ஒவ்வொரு போரடியிலும் தேதி தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள், கூடவே ஊர்க்காரர் ஒருவரிடம் குறிப்பேட்டில் கையெழுத்து வாங்குங்கள். 22-ஆம் எண்ணில் என்ன வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.